குருவிக்குப் போட்ட அரிசி, செல்லம்மாவுக்கு?

எட்டயபுரம்னு சொன்னா ரெண்டு பேர் ஞாபகம் வரும். 1835-ல் அங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், 1882-ல் அங்கே பிறந்த பாரதி. பாரதி மணிமண்டபத்தைச் (1947-ல் ராஜாஜி திறந்து வைத்தது) சுத்திப் பார்த்துட்டு வர்ற யாரும் செல்லம்மாவைப் பத்தி அதிகம் பேசறதில்லை. இன்னிக்கு நான் அவங்க கட்சி.

குருவிக் கதை உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான். புதுச்சேரியில் இருந்தப்போ சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்து குருவிகளுக்கு இறைத்துவிட்டு பாரதி ஆனந்தமா பார்த்துக்கிட்டு இருந்தாராம். இதைச் சொல்லாத பட்டிமன்றப் பேச்சாளர் உண்டா? ஜீவகாருண்யம், கைதட்டல், அடுத்த கதை. எனக்கு மட்டும் அடுப்படியில் நின்ன அந்தம்மா மேலேயே கண்ணு போகும். கடையத்துப் பொண்ணு. 1897-ல் கல்யாணம், அப்போ வயசு ஏழு!

வள்ளலார் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலை ஆரம்பிச்சு மூட்டின அடுப்பு இன்னும் அணையலை. பசி தீர்க்கிறதுதான் பெரிய அறம்னார். ஆனா நம்ம வீடுகள்ல இந்த அறம் ஒரே ஒரு ஜீவனை மட்டும் விட்டுடுச்சு: கடைசியா சாப்பிடுற ஆள். மத்தியானம் "எனக்கென்ன, இருக்கிறதுல மோர் ஊத்திக்கிட்டா போச்சு." நாலு மணிக்கு யாரும் பாக்காதப்போ முறுக்கு டப்பா. அப்புறம் "ச்சே, வாயைக் கட்டத் தெரியலையே"ன்னு தன்னைத்தானே திட்டு. மறுநாள் விரதம். சாயங்காலம் மறுபடி டப்பா.

இந்தச் சுழலுக்கு மருந்து திட்டு இல்லையாம். 2003-ல் கிறிஸ்டின் நெஃப்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், தன் மேலேயே காட்டுற பரிவைப் பத்தி எழுதினாங்க. 2007-ல் ஆடம்ஸ், லியரி ரெண்டு பேரும் கல்லூரிப் பெண்களுக்கு ஆளுக்கொரு டோனட் கொடுத்தாங்க. சிலர்கிட்ட மட்டும், "இதெல்லாம் எல்லாரும் சாப்பிடுறதுதான், உங்களையே நொந்துக்காதீங்க"ன்னு சொன்னாங்க. பிறகு எல்லார் முன்னாடியும் மிட்டாய்க் கிண்ணங்கள். வழக்கமா வாயைக் கட்டுறவங்கள்ல, அந்த வார்த்தையைக் கேட்காதவங்கதான் அதிக மிட்டாய் தின்னாங்க. "இரக்கம் காட்டினா ஆள் கெட்டுப் போயிடும்"னு நாம நினைக்கிறதுக்கு நேர் எதிர். (ஒரு ஆராய்ச்சியை வச்சு உலகத்தையே அளக்கக் கூடாதுதான், ஒத்துக்கறேன்.)

1951-ல் திருச்சி வானொலியில் செல்லம்மா பேசினாங்க. தலைப்பு 'என் கணவர்'. கவிஞனுக்கு வாழ்க்கைப்படுறது எவ்வளவு சிரமம்னு அதுல சொல்லியிருக்காங்க. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நமக்கு இன்னும் குருவி மட்டும்தான் ஞாபகம் :-)

எங்க அம்மாகிட்ட குருவிக் கதையைச் சொன்னேன். கைதட்டலை. "அப்போ அன்னிக்கு அந்தம்மா என்ன சாப்பிட்டாளாம்?"னு கேட்டாங்க.