மைக் வாங்க முதல்: ஒரு குரல் போன பாதை

"எந்த மைக் நல்லம்?" ஆவணப்படம், குறும்படம் எண்டு ஏதாவது செய்யத் தொடங்குற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்கும்போதே பதிலையும் போனில் காட்டுவார்கள்: யூடியூப்பில் பார்த்த ஒரு பெரிய கண்டென்சர் மைக். அதற்குப் பின்னால் சொல்லாத ஆசை ஒன்றும் இருக்கும். பின்னணிக் குரல் எண்டால் பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர் மாதிரி கனமா, உருண்டு வரவேணும். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது எண்டு பார்த்தால் மைக் விஷயமும் பாதி தெளிஞ்சிடும்.

கதையை எங்கட துறைமுகத்தில் இருந்தே தொடங்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையின் கப்பல்கள் எங்கட குடாவில் நின்றன. பர்மாவிலும் கடலிலும் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் கொடுக்கக் கொழும்பில் 'ரேடியோ சீக்' தொடங்கியது. அவ்வளவு தூரம் குரல் போகவேணும் எண்டால் பெரிய கருவி வேணும். அதுக்குத்தான் ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி. 1949இல் எல்லாம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை. 1952க்குப் பிறகு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்க, தமிழ்நாட்டு நேயர்களும் இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் புகழுக்கு அடியில், யுத்தம் விட்டுட்டுப் போன அத்திவாரம் இருந்தது.

இனி ஒலிவாங்கி. பிபிசி 1930களிலேயே மார்க்கோனி நிறுவனத்தோடு சேர்ந்து ரிப்பன் ஒலிவாங்கியைச் செய்து கொண்டது. காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் மெல்லிய அலுமினியத் தாள் ஒன்று தொங்கும். குரல் பட்டால் அசையும், அசைந்தால் மின்சாரம். முன்னுக்கும் பின்னுக்கும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. அதனால் நாடக நடிகர்கள் இரண்டு பக்கமும் நின்று முகம் பார்த்துப் பேசலாம். கிட்டப் போனால் அடிக்குரல் தடிக்கும், பலமா ஊதினால் தாள் கிழியும். நாங்கள் 'ரேடியோ குரல்' எண்டு நினைக்கிற கனத்தில் ஒரு பங்கு இந்தத் தாளின் வேலை. தொண்டைக்கு மட்டும் பாராட்டுக் கொடுக்க ஏலாது.

ஆனால் கலையகத்தில் பிடித்த அந்த அடிக்குரல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா? அங்கதான் விஷயம். சிற்றலையில் ஒரு நிலையத்துக்கு இன்னொன்றுக்கு நடுவில் 5 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் ஏறத்தாழ அந்த அளவுக்கு மேலே இருக்கிற ஒலி போகாது. அடியில் இருக்கிறதைச் சின்ன டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கர் விழுங்கிவிடும். மிஞ்சுவது நடு. 'ஸ்' என்ற சீறலின் பெரும்பகுதி 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் அது மங்கிப் போகும். ஆனால் ழ, ள, ல மூன்றையும் பிரித்துக் காட்டுகிற அதிர்வுகள் 3 கிலோஹெர்ட்ஸுக்குள்ளேயே முடிஞ்சிடும். கடல் கடந்து, ஏறி இறங்கி வந்த சத்தத்திலும் அந்த அறிவிப்பாளர்களின் ழகரம் தப்பியது. கே.எஸ். ராஜா அவ்வளவு வேகமாகப் பேசியும் ஒரு சொல் கூட நழுவாமல் கேட்டதுக்கு, என் கணிப்பில், மைக்கை விட உச்சரிப்புத்தான் காரணம்.

இன்னொரு கதையும் எங்கட ஊரிலேயே இருக்கு. 1984இல் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல திருகோணமலையில் ஒரு அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தைத் திறந்தது. கொலோனில் பேசிய குரல் இங்க வந்து, இங்கிருந்து ஆசியா முழுக்கப் போனது. 2013இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. அந்த ஏறக்குறைய முப்பது வருஷத்தில் யுத்தம், இடப்பெயர்வு, சுனாமி எல்லாம் இந்த மாவட்டம் கண்டது. வானளவு அன்டனா பக்கத்திலேயே நின்றும், அதில் போனது மூதூர்க்காரியின் குரலோ கிண்ணியாக்காரரின் குரலோ இல்ல. எனக்கு உறுத்துவது இதுதான். இப்ப மைக் எங்கட கையில் இருக்கும்போதும், பொத்தானை அமத்தின உடனே எங்கட பேச்சை மடிச்சு வைத்துவிட்டு, 1970களின் கொழும்புக் கலையகத் தமிழைப் போட்டுக்கொள்கிறோம்.

சரி, எதை வாங்குறது? பாதையின் கடைசியிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். எங்கட நேயரிடம் இருப்பதும் சின்ன ஸ்பீக்கர்தான், டிரான்சிஸ்டருக்குப் பதில் போன். பெருவிரலளவு ஸ்பீக்கரில் அடிக்குரல் வராது, அதுக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

அடுத்தது அறை. உட்துறைமுக வீதிப் பக்கத்தில் ஒரு அறை எண்டால் படகு எஞ்சின், ஆட்டோ, காகம், கச்சான் காத்தில் ஆடுற தகரம், எல்லாம் உள்ளே வரும். காத்தாடியை நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் சட்டை நனையும். கண்டென்சர் இதையெல்லாம் நுணுக்கமாகப் பிடித்துத் தரும். (அதுக்குத் தேவைப்படுற 48 வோல்ட் வந்த வழி வேடிக்கையானது: 1966இல் நொய்மன் நிறுவனம் நோர்வே வானொலிக்கு மைக் கொடுத்தபோது, அங்க குளிர்கால இருட்டுக்கு வைத்திருந்த துணை விளக்குகளின் மின்சாரம் 48 வோல்ட். அதையே எடுத்துக் கொண்டார்கள்.) எங்கட அறைகளுக்கு டைனமிக் மைக்தான் சரி. மேடைகளில் காணுகிற ஷூர் எஸ்எம்58 கூட 1966இல் வந்ததுதான், இன்னும் போதும். ஒரு சாண் தூரத்துக்குள், கொஞ்சம் சரிவாகப் பேசினால் 'ப' வெடிக்காது. டைனமிக்கின் சிக்னல் மெல்லியது. அதனால் மிஞ்சின காசை, இரைச்சல் இல்லாமல் பெருக்கித் தரும் இன்டர்ஃபேஸில் போடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் காத்தாடியின் உறுமலில் ஒரு பகுதி போயிடும். கம்ப்ரசரை மூன்றுக்கு ஒன்றுக்கு மேலே கொண்டுபோக வேண்டாம், போனால் குரல் எந்த ஊர்க் குரல் எண்டே தெரியாது. சுவருக்கு நுரைப் பலகை தேட வேண்டாம், மெத்தையை நிமிர்த்தி வைத்தாலே பாதி எதிரொலி அடங்கும்.

பிறகு ஒரு நிமிஷம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஹெட்போன் போட்ட நண்பனுக்கு வேண்டாம். மூதூர்ப் படகில் இருக்கிற ஒருவருக்கு. எஞ்சின் சத்தத்துக்குள்ள அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டு, 'கிழக்கு' எண்டதா, 'கிளை' எண்டதா எண்டு திருப்பிக் கேட்காமல் இருந்தால் அந்த மைக் போதும்.