துக்கம் என்னும் சொல்



"அந்த வீட்டில் துக்கம்" என்று ஒருவர் சொன்னால், "இறந்தவர் யார்?" என்றே நாம் கேட்கிறோம். துக்க வீடு, துக்கம் விசாரித்தல் என்னும் வழக்குகளும் சாவையே குறிக்கின்றன. தொடக்கத்தில் இச்சொல்லின் பொருள் இவ்வளவு குறுகியதன்று.

துக்கம் வடசொல். 'துஸ்' என்பது கெட்டது; 'க' என்பது துளை. அச்சு சரியாகப் பொருந்தாத சக்கரத் துளையால் வண்டி குலுங்குவதுபோல் வாழ்க்கை குலுங்குவதே துக்கம் என்பது ஒரு விளக்கம். கெட்ட நிலையில் நிற்பது எனப் பொருள்படும் 'துஸ்த' என்னும் சொல்லின் திரிபே இது என்பர் வேறு சிலர். புத்தர் பெருமான் நான்கு வாய்மைகளுள் முதலில் வைத்தது இதனையே. மூப்பு, பிணி, சாக்காடு, விரும்பியது கிட்டாமை எல்லாம் அதில் அடங்கும். மணிமேகலை இதனைத் துன்பம் என்று தமிழில் வழங்குகிறது.

இச்சொல் கடல் கடந்து மலாய் மொழிக்கும் வந்தது. கி.பி. 683ஆம் ஆண்டுக் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் பழைய மலாயிலேயே வடசொற்கள் கலந்துள்ளன. சுகமும் துக்கமும் மலாயில் 'சுக்கா டுக்கா' ஆயின. சித்தம் சேர்ந்து 'டுக்காச்சித்தா' பிறந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என அறிவிக்கும் கடிதத்திலும் இச்சொல் வரும். அங்கே அது சாவு வீட்டோடு நின்றுவிடவில்லை.

தொல்காப்பியரும் அழுகைக்கு நான்கு காரணங்கள் கூறுகிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு, பிறரால் இகழப்படுதல். இழவு, உறவையோ உடைமையோ இழத்தல். அசைவு, முன்னைய நிலை கெட்டு வருந்துதல். இவற்றுள் இழவு என்னும் சொல்லும் இன்று சாவுக்குள் ஒடுங்கிவிட்டது.

அசைவுக்கு எடுத்துக்காட்டை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் என்னும் தோட்டப்புறம். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நகரங்களானபோது, லயன் வீடும் கோயிலும் பள்ளியும் அருகருகே இருந்த வாழ்க்கையை விட்டுப் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். சாவு நேராததால் அதனைத் துக்கம் என்று நாம் சொல்வதில்லை.

சாவு வீட்டுக்கு நாம் அழைப்பின்றியே போகிறோம். அது நல்ல பண்பு. வேலை போனவர், அவமானப்பட்டவர், ஊர் பெயர்ந்த முதியவர் ஆகியோருக்கும் உள்ளது துக்கமே. சொல்லின் பழைய பொருளை மீட்டுக்கொண்டால், அவர்கள் வீட்டுக்கும் நாம் துக்கம் விசாரிக்கப் போவோம்.