சட்டக் கற்கைகள்

சட்டக் கற்கைகள் என்பது சட்டத்தை அதன் சமூக, வரலாற்று, அரசியல் பின்னணியில் வைத்து ஆராயும் கலைத்துறைப் பட்டப்படிப்பு ஆகும். சட்டவிதி என்ன கூறுகிறது என்பதோடு, அது நடைமுறையில் யாருக்குப் பயன்படுகிறது, யாரைச் சென்றடைவதில்லை என்பனவும் இதில் ஆராயப்படுகின்றன.

வரலாறு

1910 இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்ட், நூலிலுள்ள சட்டத்தையும் நடைமுறையிலுள்ள சட்டத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். 1913 இல் ஆஸ்திரியச் சட்டவியலாளர் ஒய்கன் ஏர்லிக், மக்கள் அன்றாட வாழ்வில் உண்மையில் பின்பற்றும் நெறிகளை "வாழும் சட்டம்" என்றார். 1961 இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் பிலிப் செல்ஸ்னிக், சட்டமும் சமூகமும் பற்றிய ஆய்வு மையத்தை நிறுவினார். அங்கு இத்துறை இளங்கலை முதன்மைப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது.

தொழில் தகுதி

இப்பட்டம் மட்டும் வழக்கறிஞராகும் தகுதியைத் தராது. அமெரிக்காவில் அதற்குப் பொதுவாகச் சட்டப் பள்ளியில் மேலும் 3 ஆண்டுகள் பயின்று, வழக்கறிஞர் தேர்விலும் தேறவேண்டும்.