நியூ மெக்சிகோ

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மாநிலம். தலைநகர் சாண்டா ஃபே. ஸ்பானியர் 1610-இல் நிறுவிய இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. அந்நாட்டு மாநிலத் தலைநகர்களுள் இதுவே மிக உயரமானது. சமவெளியிலிருந்து வருவோர்க்கு முதல் நாள் மூச்சு வாங்கக்கூடும்.

1680-இல் பியூப்லோ பழங்குடியினர் போப்பே என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை விரட்டினர். பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களால் திரும்ப முடியவில்லை. இந்நிலத்தின் வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டியது இதுவே. 1821-இல் மெக்சிகோ வசமும், 1848 உடன்படிக்கையால் அமெரிக்கா வசமும் சென்ற இப்பகுதி 1912-இல் 47-ஆவது மாநிலமானது.

தாவோஸ் பியூப்லோவின் பல அடுக்கு மண்வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். சில சடங்குக் காலங்களில் வெளியாருக்கு அனுமதியில்லை, முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. சாக்கோ பள்ளத்தாக்கின் பழங்காலக் கல் மாளிகைகளுக்கு மண்சாலையில்தான் போக வேண்டும். மழையில் தவிர்ப்பதே மேல். கார்ல்ஸ்பாட் குகையிலிருந்து கோடை மாலைகளில் வௌவால்கள் கூட்டங்கூட்டமாய் வெளியேறும். வெண்மணற்குன்றுகள் ஜிப்சத்தாலானவை, வெயிலிலும் காலைச் சுடுவதில்லை. சுற்றிலும் ஏவுகணைத் தளம் இருப்பதால் சோதனை நேரத்தில் சாலையை மூடிவிடுவர். அத்தளத்தின் வடபகுதியில்தான் 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டு வெடிக்கச் செய்யப்பட்டது. அவ்விடம் ஆண்டில் ஓரிரு நாள் மட்டுமே பார்வைக்குத் திறக்கப்படும்.