நோய்க் கிருமிகளின் கூட்டுப் பேச்சு

1882ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த றொபேட் கொக் என்னும் செர்மானிய மருத்துவர் காட்டிய வழியிலே, நோய்க்கு ஒரு கிருமியெனத் தேடிச் சென்றனர் அறிஞர். பற்றீரியா ஒவ்வொன்றும் தனித்தே உண்டு தனித்தே பெருகும் உயிர் என்பது நெடுங்காலம் அவர்தம் துணிபாயிருந்தது. அத்துணிபை அசைத்தவற்றுள் முதன்மையானது, கடலில் வாழும் ஒளிக்கிருமியொன்று.

அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் கெனத் நீல்சனும் உட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் அக்கிருமியைக் குடுவையில் வளர்த்தனர். கிருமிகள் பெருகிக்கொண்டேயிருந்தும் தொடக்கத்தில் ஒளி பெருகவில்லை. தொகை மிக்கபின்னரே அது திடீரென மிகுந்தது. கிருமிகளே ஓர் இரசாயனப் பொருளை நீரில் விடுகின்றன என்றும், அது போதியளவு செறிந்தபின்னரே ஒளி பிறக்கின்றது என்றும் 1970இல் அவர்கள் விளக்கினர். அப்பொருளின் அமைப்பு 1981இல் துலங்கிற்று. ஆயினும், இது கடலுயிரின் விந்தையென்றே பலரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணம் 1991இல் மாறத் தொடங்கிற்று. தீப்புண்ணிலும் நலிந்தோர் நுரையீரலிலும் குடிகொள்ளும் சூடோமோனாசு என்னும் கிருமியை பாபரா இக்லெவ்ஸ்கியும் உடனாய்வாளரும் ஆராய்ந்தனர். உடலின் இழையங்களைச் சிதைக்கும் நொதியத்தை ஆக்கத் தூண்டும் அதன் புரதம், ஒளிக்கிருமியில் சமிக்ஞையை உணரும் புரதத்தை ஒத்திருக்கக் கண்டனர். சிலவாய் உள்ளபோதே தாக்கினால் உடலின் காவற்கலங்கள் விழித்துக்கொள்ளும். ஆதலின் படை திரளும்வரை பொறுத்து ஒருங்கே தாக்குதல் கிருமிக்கு நன்று என்பது ஆய்வாளர் கருத்து. சபை கூடக் குறைந்தது இத்தனை உறுப்பினர் வேண்டும் என்னும் விதியைத் தழுவி, 'கூட்ட நடப்பெண் உணர்தல்' எனப் பொருள்படும் பெயர் 1994இல் இதற்கு இடப்பட்டது.

வாந்திபேதிக் கிருமியின் வழக்கமோ நேர்மாறானது. சிறுகுடலில் சிலவாய் இருக்கும்போதே அது நஞ்சைச் சுரக்கின்றது. தொகை மிகுந்து சமிக்ஞை செறிந்ததும் நஞ்சை நிறுத்தி, உடலைவிட்டு வெளியேற ஆயத்தமாகின்றது. பிறின்ஸ்டன் பல்கலைக்கழகத்து பொனி பாஸ்லரும் பிறரும் 2002இல் இதனைத் தெளிவுறுத்தினர்.

மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், இவ்வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது. கிருமியைக் கொல்லாது அதன் பேச்சைக் குலைக்கும் மருந்தை அறிஞர் தேடுகின்றனர். அத்தகைய மருந்துக்கு எதிர்ப்பாற்றல் மெல்லவே தோன்றக்கூடும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. எனினும் ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சூடோமோனாசின் சமிக்ஞையைத் தடுத்தல் வேண்டும். வாந்திபேதிக் கிருமிக்கோ அதன் சமிக்ஞையை முன்கூட்டியே ஊட்டுதல் வேண்டும். ஒன்றை அடக்கும் மௌனம் மற்றொன்றைக் கொடிதாக்கும். இம்முயற்சி இன்னும் பெரிதும் ஆய்வுகூடத்தளவிலேயே நிற்கின்றது.