தீபாவளிக்கு முன்பே தொங்கும் நத்தார் நட்சத்திரம்



பதிவு கொஞ்சம் நீளம். நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

2025இல் தீபாவளி ஒக்டோபர் 20இல் வந்தது. அதற்குப் பத்து நாளைக்கு முன்பே எங்கள் பஜாரில் மூன்று கடைகளில் நத்தார் மரம் வந்துவிட்டது. ஒரு கடையில் மரத்துக்குக் கீழேயே மத்தாப்பும் சீனவெடியும். யாரோ படமெடுத்துப் போட்டிருந்தார். கீழே ஒரே சண்டை. "தீபாவளியே இன்னும் வரல்ல, அதுக்குள்ள நத்தாரா?" என்று தொடங்கி, கடைசியில் ஒருவர் இப்படி முடித்திருந்தார்: "நானாமாருக்கு எந்தப் பெருநாளும் ஒன்னுதான். சல்லிதான் பெருநாள்."

கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் நானும் அப்படி ஒரு கடையில் வளர்ந்த பிள்ளை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதியைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் பஜார்கள் எப்படி வந்தன? கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் றப்பர் பரவியபோது களனிப் பள்ளத்தாக்குச் சின்ன ரயில் பாதையும் வந்தது. 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் ரயில் ஓடியது. றப்பர் கீழே போனது. அரிசி, கருவாடு, துணி மேலே வந்தன. ஸ்டேஷனை ஒட்டிக் கடைகள் முளைத்தன. சிங்களவர், செட்டியார், சோனகர் எல்லாரும் கடை போட்டார்கள். இன்று பல இடங்களில் தண்டவாளமே இல்லை. கடைகள் மட்டும் இருக்கின்றன.

அந்தக் கடைகளுக்கு வந்த தோட்டத்து மக்களின் கையில் காசு இருக்கவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். தென்னிந்தியாவில் இருந்து புறப்படும்போதே அவர்கள் தலையில் கடன் இருந்தது. வழிச்செலவு, ஊரில் அடைக்க வேண்டிய கடன் என்று கங்காணி முற்பணம் கொடுப்பார். அந்தப் பணம் பெரும்பாலும் தோட்டத் துரை கங்காணிக்குக் கொடுத்தது. தோட்டம் கொடுக்கும் அரிசிக்கும் சம்பளத்தில் கழிப்பார்கள். சம்பளமோ பல தோட்டங்களில் மாதக்கணக்கில் பிந்தித்தான் வரும்.

இதற்கு மேல் "துண்டு" என்று ஒன்று இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். அதைக் காட்டிக் கங்காணி வேறு தோட்டத்தில் இன்னும் பெரிய முற்பணம் வாங்கலாம். பழைய கடன் தீரும், புதுக்கடன் ஏறும், ஆட்கள் கடனோடு சேர்ந்து இடம் மாறுவார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடத்துக்குச் சற்று மேல். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "சேர், அப்ப நம்ம ஆளுகளை விலைச்சீட்டோட வித்தாங்களா?" என்று கேட்டான். விற்கவில்லை, கடனை மாற்றினார்கள் என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

துண்டு போனது, முற்பணம் போகவில்லை. இன்று அதன் பெயர் தீபாவளி அட்வான்ஸ். வட்டி இல்லை, கங்காணியும் இல்லை, தோட்ட நிர்வாகமே கொடுக்கிறது. பழைய கொடுமையோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் அது போனஸ் அல்ல. இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான சம்பளம். அடுத்து வரும் மாதங்களில் தவணை தவணையாகக் கழித்துவிடுவார்கள். லயத்தில் இருக்கும் பல வீடுகளுக்கு வருடத்தில் மொத்தமாகக் கையில் வரும் ஒரே பணம் அதுதான்.

இப்போது நத்தார் மரத்துக்கு வருகிறேன்.

சிறு வயதில் வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன், ஏன் இவ்வளவு முந்தித் தொங்கவிடுகிறோம் என்று. வாப்பா கொழும்புக் கொப்பியைத் திறந்து காட்டினார். புறக்கோட்டை மொத்த வியாபாரி செப்டெம்பரில் சாமான் தருவார். அதற்குப் பின்திகதி போட்ட செக் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் செக் நவம்பரில் பேங்குக்குப் போகும். நட்சத்திரம் டிசம்பரில்தான் விற்கும் என்று காத்திருந்தால் செக் திரும்பிவிடும். தோட்டத்தில் காசு இறங்குவது தீபாவளிக்கு. லயத்தில் ஒரு காம்பராவில் முருகன் படம், அடுத்த காம்பராவில் மாதா படம்; ஒரே குடும்பத்திலேயே இரண்டும் உண்டு. பலூனும் விளையாட்டுச் சாமானும் யார் வீட்டுப் பிள்ளையும் கேட்கும். ஆக, தீபாவளிச் சல்லியில் நத்தார் சாமானையும் விற்றாக வேண்டும். கடைக்காரர் கலண்டரைப் பார்த்து மரம் வைப்பதில்லை, செக்கின் திகதியைப் பார்த்து வைக்கிறார்.

2000ஆம் ஆண்டு நத்தாரும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. நோன்பு வைத்துக்கொண்டு நத்தார் கேக் பெட்டிகளை அடுக்கியது நினைவிருக்கிறது. எங்கள் பெருநாள் பிறைக்கணக்கில் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டே போகும். அதனால் அதற்கென்று நிலையான சீசன் இல்லை. நத்தார்தான் நிலையான திகதி. வியாபாரிக்கு அது வசதி.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் முடிந்த பிறகுதான் நத்தார் வியாபாரம் களைகட்டும். 1939இல் அந்த நாள் நவம்பர் 30இல் விழுந்தது. வியாபார நாட்கள் குறைந்துவிடும் என்று பெரிய கடைக்காரர்கள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்தள்ளி 23ஆம் திகதிக்கு மாற்றினார். மாநிலங்கள் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி பிரிந்து இரண்டு வெவ்வேறு நாட்களில் கொண்டாடின. 1941இல் சட்டம் போட்டு, நவம்பரின் நான்காம் வியாழன் என்று முடித்தார்கள்.

அதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. "நத்தார் சாமானை முந்தி வாங்குங்கள்" என்று அங்கே முதலில் உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் தொழிலாளர் பக்கம் நின்றவர்கள். புளோரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியும், 1899இல் தொடங்கிய தேசிய நுகர்வோர் சங்கமும். கடைசி வாரக் கூட்டத்தில் கடைப் பெண்களும், பொதி சுமக்கும் சிறுவர்களும் நள்ளிரவு வரை வதைபட்டார்கள். வேலை நேரச் சட்டங்களில்கூட நத்தார் நாட்களுக்கு விலக்கு இருந்தது. முந்தி வாங்கினால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும் என்பதுதான் அவர்கள் எண்ணம். பிறகு அந்தச் சுலோகத்தைக் கடைகள் தமக்கு வைத்துக்கொண்டன.

ஆகவே முந்தி விற்பது மட்டுமே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய காசில், எந்த மாதத்துக் காசில் என்பதுதான் என் கேள்வி. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. நான் பார்த்த நட்சத்திரத்தின் விலை 1,450. ஒக்டோபரில் வாங்கும் அந்த நட்சத்திரத்துக்கான நாள் இன்னும் வேலை செய்யப்படவே இல்லை. அது கழிபடும் மாதங்களில்தான் ஜனவரியும் வரும். ஜனவரியில் என் வகுப்பில் பழைய கொப்பியின் மிச்சத் தாள்களைத் தைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களில் சிலரின் வீட்டு வாசலில் நட்சத்திரமும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை கேட்டது, கையில் காசு இருந்தது.

வாப்பாவுக்குப் பிறகு கடை நானாவிடம். போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு போய்ச் சொன்னேன், "நானா, மரத்தை எடுக்க வேணாம். பக்கத்திலேயே ஸ்கூல் கொப்பிக் கட்டையும் வைங்க. அட்வான்ஸ் காசு இருக்கிற நேரம் பாருங்க." நானா சிரித்தார். "ஒக்டோபர்ல யாரு கொப்பி வாங்குறது? உனக்குக் கடை நடத்தத் தெரியாது."

ஆனாலும் வைத்தார். நேற்று இரவு கோல் எடுத்தார். மூன்று கட்டு போயிருக்கிறது. ஒன்றை வாங்கியது மேல்கணக்கு ஆயா ஒருவர், பேத்திக்கு. நட்சத்திரத்தையும் கேட்டாராம், விலையைப் பார்த்துவிட்டு டிசம்பரில் வருகிறேன் என்று போய்விட்டாராம்.

"உன்னாலதான்" என்று நானா திட்டினார்.