கைத்தையலுக்கு வந்த மவுசு

அமெரிக்கக் குயில்ட் போர்வை என்றாலே மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்து ஊசி கோக்கும் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தைத்து முடிக்கும் கடைசி வேலை கையால் நடந்தால்தான் மரபு என்றும், அதில் மெஷின் புகுந்தால் தரம் தாழ்ந்துவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். பாட்டிகள் அப்படி நினைத்ததற்கு அவர்களுடைய போர்வைகளில் சாட்சி இல்லை. இது பேத்திகள் காலத்தில் பிறந்த நம்பிக்கை என்றே சொல்வேன்.

எலியாஸ் ஹோவ் 1846லும் ஐசக் சிங்கர் 1851லும் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார்கள். தொடக்கத்தில் சிங்கர் மெஷினின் விலை 100 டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத அந்தப் பொருளை, 1856ல் வந்த தவணை முறைதான் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அப்படி வாங்கியவர்களுக்கு மெஷின் தையல் வெட்கமாக இருந்திருந்தால், துண்டுகளை இணைக்கும் உள்மடிப்போடு அதை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் மேலே பதித்த துணி உருவங்களின் விளிம்பிலேயே, பார்ப்பவர் கண்ணில் படும்படி மெஷின் ஓட்டியவர்கள் பலர். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், 1886ல் அங்குள்ள ஏதென்ஸ் நகரப் பருத்திச் சந்தையில் காட்சிக்கு வைத்த பைபிள் குயில்ட்டில் கைத்தையலும் உண்டு, மெஷின் தையலும் உண்டு. பிறகு வறுமையில் அதை 5 டாலருக்கு விற்றார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் போற்றிக் காக்கும் அந்தப் போர்வையை மரபு தவறியது என்று யார் சொல்வார்?

மெஷினை அவ்வளவு விரும்பினார்கள் என்றால் மூன்றடுக்கைத் தைக்கும் வேலை பெரும்பாலும் கையிலேயே ஏன் தங்கியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டு மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகலானது. ஒரு கட்டிலை மூடும் கனத்த போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைத்து, வளைந்த கோடுகளுக்கு ஏற்பத் திருப்புவது பெரும்பாடு. நேர்க்கோடுகள் மட்டுமே ஓரளவு சுலபம். சட்டத்திலோ நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தைக்கலாம். ஆமிஷ் பெண்கள் மிதி மெஷினில் துண்டுகளை இணைத்துவிட்டு, போர்வையைக் கையால் முடித்ததைப் பாருங்கள். எந்த வேலைக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

கைக்குத் தனி மவுசு வந்தது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். தொழிற்சாலைப் பொருள்கள் வீட்டை நிறைத்தபோது, குடியேற்றக் காலத்து வாழ்வின் மேல் ஓர் ஏக்கம் பரவியது. 1915ல் மேரி வெப்ஸ்டர் குயில்ட் வரலாற்றை முழுநூலாக எழுதினார். 1933ல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்கு 24,000க்கும் மேற்பட்ட போர்வைகள் வந்தன. முதல் பரிசு வாங்கிய போர்வையின் நுணுக்கமான கைத்தையலைப் பரிசு பெற்றவர் செய்யவே இல்லை. கூலிக்குத் தைத்த கென்டக்கிப் பெண்களின் உழைப்பு அது. 1,200 டாலர் பரிசில் அவர்களுக்குப் பங்கும் இல்லை, பெயரும் இல்லை. கைத்தையலைக் கொண்டாடிய காலம், அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்காமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

கைத்தையல் மென்மையானது, மேலும் கீழுமாக இரு நூல் ஓடும் மெஷின் தையல் விறைப்பானது என்பது உண்மைதான். அது தொடுகையில் தெரியும் வேறுபாடு; அதைக்கொண்டு எது அசல், எது போலி என்று பிரிக்க முடியாது. 1989ல் பதூக்கா நகரில் நடந்த அமெரிக்கக் குயில்ட்டர் சங்கப் போட்டியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் தைத்து முடித்த சூரிய கிரகணப் போர்வை முதல் பரிசு வென்றது. மெஷின் வேலைக்கு அங்கே கிடைத்த முதல் உச்சப் பரிசு அது, எதிர்ப்பும் கிளம்பியது. இன்று நீண்ட கை கொண்ட பெரிய மெஷின்களை வைத்துப் பிறருடைய போர்வைகளை முடித்துக் கொடுப்பதே ஒரு தொழில். அப்படி முடிக்கப்பட்ட போர்வை கண்காட்சிக்குப் போகும்போது மேல்துணியை இணைத்தவர் பெயரோடு, தைத்து முடித்தவர் பெயரையும் அட்டையில் எழுதும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கென்டக்கிப் பெண்களுக்கு அது வாய்க்கவில்லை.